இலைக்கஞ்சி குடித்த பிள்ளைகள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில், சின்ன வீடுகள் நெருக்கமாக இருக்கும் ஒரு தோட்டத்துக்குள் பத்து வருடம் முன்பள்ளி நடத்தினேன். காலையில் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் வயிற்றில் பிளேன்டீ மட்டும்தான் இருக்கும். பத்து மணிக்கு அவித்த கடலை, பயறு, வெள்ளிக்கிழமை இலைக்கஞ்சி. ஒரு பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே மூச்சில் குடிப்பான். குடித்ததும் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டி, "முடிஞ்சுது டீச்சர்" என்பான்.

போன மாதம் பாமசியில் அவனைக் கண்டேன். புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை வேலையாம். அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்க வந்திருந்தான். "உனக்குப் பார்த்தாயா?" என்றேன். "எனக்கெதுக்கு டீச்சர்?" என்று சிரித்தான். அ, ஆ படித்தது நினைவில்லையாம், கஞ்சிதான் நினைவாம்!

அமெரிக்காவில் வட கரோலினாவில் 1972இல் அபெசிடேரியன் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஏழை வீட்டுக் கைக்குழந்தைகள் 111 பேர். குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு மட்டும் ஐந்து வயதுவரை முழுநாள் பராமரிப்பு, விளையாட்டோடு படிப்பு, நல்ல சாப்பாடு, டாக்டர். முப்பது வயது தாண்டியபின் அவர்களைக் கூப்பிட்டுப் பரிசோதித்தார்கள். முடிவு 2014இல் வந்தது. திட்டத்தில் இருந்த ஆண்களுக்கு மேல் பிரஷர் சராசரி 126, இல்லாதவர்களுக்கு 143. பெண்களில் வித்தியாசம் இவ்வளவு இல்லை. சாப்பாடா, டாக்டரா, படிப்பா, எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. ஆட்களும் கொஞ்சம்தான்.

நான் கொடுத்தது மூன்று மணி நேரமும் ஒரு கோப்பைக் கஞ்சியும். அதோடு இதை ஒப்பிட எனக்கே கூச்சம். ஆனாலும் அன்றைக்கு எடுத்த எடைக் கொப்பி இன்னும் அலுமாரியில் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகளை ஒருவரும் அளக்கவில்லை.

* * *

டீச்சர், நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் மட்டக்குளியில் இருக்கிறேன். மகளின் கிளினிக் கார்டில் எடைக்கோடு கீழே இறங்கியதும் மிட்வைஃப் மிஸ் திரிபோஷா சத்துமா எழுதித் தந்தார். வீட்டில் மூன்று பிள்ளைகள். ஒருத்திக்கு மட்டும் உருண்டை பிடித்துக் கொடுத்துவிட்டு மற்ற இரண்டு பேரின் முகத்தை எப்படிப் பார்ப்பது? பக்கட் நாலு நாளில் முடிந்துவிடும். கோடு ஏறவில்லை என்று மிஸ்ஸிடம் ஏச்சும் வாங்கினேன்.

இன்னொன்று, கோபிக்காதீர்கள். எங்கள் பக்கத்து முன்பள்ளியில் மாதக் காசு கட்ட முடியாதவர்கள் பிள்ளையைச் சேர்க்கவே இல்லை. கஞ்சி அதிகம் தேவைப்பட்டது அவர்களுக்குத்தான்.

* * *

கோபம் இல்லை, தங்கச்சி. என்னிடமும் அப்படி இரண்டு பேர் கேட்டுக்கு வெளியே நின்றிருக்கிறார்கள். கஞ்சி கொடுத்தேன். கொப்பியில் பெயர் எழுதவில்லை.