வெளியுறவு அமைச்சருக்கு நாம் எழுதும் மனு யார் மேசைக்குப் போகிறது?

நீரோடிக்காரன் கேட்கிறார்:

அக்காமார், அண்ணன்மார் எல்லோருக்கும் வணக்கம். ஊர் நீரோடி, அதைத் தாண்டினால் கேரளம். குடிமைப்பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். நாடுகளையும் வெளியுறவு அமைச்சர்களையும் பொருத்தி மனப்பாடம் செய்வதே தனி வேலையாகிவிட்டது. ரஷ்யாவுக்கு லாவ்ரோவ், சீனாவுக்கு வாங் யி, அமெரிக்காவுக்கு ரூபியோ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் அந்த நாற்காலிக்கு எவ்வளவு அதிகாரம் என்று யாராவது கேட்டால் வாய் திறக்க முடியாது.

கேட்பதற்கு வீட்டுக் காரணமும் ஒன்று உண்டு. என் மாமா பல நாள் கடலிலேயே தங்கும் தங்கல் படகில் சுறா பிடிக்கப் போகிறவர். எல்லை தாண்டிவிட்டார்கள் என்று ஒரு நாட்டின் ரோந்துக் கப்பல் அவர்கள் படகைப் பிடித்துக்கொண்டு போனது. பங்குத்தந்தை ஒரு மனு, மீனவர் சங்கம் ஒரு மனு, அரசியல் கட்சிக்காரர்கள் ஆளுக்கொரு மனு என்று போனது. எல்லாவற்றிலும் 'மாண்புமிகு வெளியுறவுத் துறை அமைச்சர் அவர்களுக்கு' என்றுதான் தொடக்கம். மாமா வீடு வந்து சேர்ந்துவிட்டார். இப்போது ஒவ்வொருவரும் தம் மனுதான் அவரைக் கொண்டுவந்தது என்கிறார்கள்.

வெளியுறவு அமைச்சர் இதில் எதையாவது செய்திருப்பாரா? எல்லா நாடுகளிலும் அவருக்கு ஒரே அளவு அதிகாரம்தானா?

குலசேகரம் ரப்பர் அண்ணாச்சி எழுதுகிறார்:

தம்பி, இதற்குப் புத்தகமே தேவையில்லை. முடிவு எடுப்பவர் பிரதமர் அல்லது அதிபர். கோட்டு மாட்டிக்கொண்டு கை குலுக்குபவர் வெளியுறவு அமைச்சர். நேரு 1947 முதல் 1964இல் இறக்கும் வரை அந்தத் துறையை வேறு யாரிடமும் கொடுக்கவே இல்லை. இலங்கையில் சிறிமாவோவும் பிரதமராக இருந்துகொண்டே அதைத் தம் கையில் வைத்திருந்தார். 1971இல் அதிபர் நிக்சனின் ஆலோசகர் கிஸ்ஸிங்கர் பாகிஸ்தானில் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் சீனாவுக்குப் பறந்தாரே, அப்போது அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அவரில்லை. வில்லியம் ராஜர்ஸ் என்று ஒருவர் இருந்தார். அவர் பெயர் உன் பட்டியலில் இருக்கிறதா? இருக்காது.

தட்டச்சு அக்கா, மார்த்தாண்டம் எழுதுகிறார்:

அண்ணாச்சி சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை மட்டும் நம்பிப் போனால் இந்தப் பையன் நேர்முகத் தேர்வில் மாட்டிக்கொள்வான்.

மக்களே, இந்த மனுக்களை அடித்துக் கொடுப்பவள் நான். முன்பு ரெமிங்டன் பொறியில் கார்பன் தாள் வைத்து அடித்தேன், இப்போது கணினியில். சின்னத்துறை, தூத்தூர், வள்ளவிளை என்று எந்தக் கரையில் படகு பிடிபட்டாலும், பதிவுச் சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் சுற்றிக்கொண்டு யாராவது என் மாடிப்படி ஏறுவார்கள். நீ தேர்வுக்காகப் படிக்கும் பெயர்களை நான் முகவரிக்காகப் படித்தேன்.

முதலில் சட்டத்தைப் பார். ஒப்பந்தங்கள் பற்றிய 1969ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 7ஆம் பிரிவின்படி, தனியாக அதிகாரப் பத்திரம் காட்டாமலே எந்த ஒப்பந்தத்திலும் நாட்டின் பெயரால் கையெழுத்திடக்கூடியவர்கள் மூவர்: நாட்டின் தலைவர், அரசின் தலைவர், வெளியுறவு அமைச்சர். நிதி அமைச்சர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் பத்திரத்தை நீட்ட வேண்டும்.

கையெழுத்துகூட வேண்டாம், வாய்ச்சொல்லே போதும் என்று ஒரு தீர்ப்பு இருக்கிறது. 1919இல் நார்வேயின் வெளியுறவு அமைச்சர் இலென் என்பவரிடம் டென்மார்க் தூதர் வந்து, கிரீன்லாந்து முழுவதும் எங்களுடையது என்கிறோம், உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். நார்வே இதில் சிக்கல் எதுவும் செய்யாது என்று சில நாள் கழித்து இலென் வாயால் சொன்னார். பேச்சோடு பேச்சாகச் சொன்னதுதான். பின்னால் நார்வே கிரீன்லாந்தின் கிழக்குக் கரையில் உரிமை கோரியபோது, டென்மார்க் அந்த வாய்ச்சொல்லைத் தூக்கிக்கொண்டு பன்னாட்டு நீதிமன்றத்துக்குப் போனது. அமைச்சர் சொன்ன சொல் நாட்டைக் கட்டுப்படுத்தும் என்று 1933இல் தீர்ப்பு வந்தது. வெறும் கை குலுக்கும் ஆள் என்றால் அவர் சொல்லுக்கு இந்த எடை எப்படி வரும், அண்ணாச்சி?

நம் கரை சம்பந்தப்பட்ட கதைக்கு வருகிறேன். உன் வயதுப் பிள்ளைகளுக்குத் துப்பாக்கிச் சூடு மட்டும்தான் நினைவிருக்கும். இத்தாலியில் நடந்தது தெரியாது. 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடலில் 'என்ரிகா லெக்ஸி' எண்ணெய்க் கப்பலில் இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் 'செயின்ட் ஆண்டனி' படகை நோக்கிச் சுட்டார்கள். படகு நம் மாவட்டத்துக்காரருடையது. இறந்த இருவரில் ஒருவர் நம் மாவட்டத்துப் பையன். வீரர்கள் இருவர் கைதானார்கள். ஊரில் தேர்தல், ஓட்டுப் போட்டுவிட்டு வரட்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் அவர்களை இத்தாலிக்கு அனுப்பியது. திரும்பி வருவார்கள் என்று இத்தாலியத் தூதர் எழுதிக் கொடுத்தார். போனபின், மார்ச் 11 அன்று, அனுப்ப மாட்டோம் என்று இத்தாலி அறிவித்தது.

தூதர் இந்தியாவை விட்டு வெளியேறக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பெரிய சச்சரவு. கடைசியில் பிரதமர் மோன்ட்டியின் அரசு இறங்கி வந்து, மார்ச் 22 அன்று இருவரையும் திருப்பி அனுப்பியது. வெளியுறவு அமைச்சர் ஜூலியோ தெர்சி அதற்கு உடன்படவில்லை. நான்கு நாள் கழித்து நாடாளுமன்றத்தில் எழுந்து, இந்த முடிவில் எனக்குச் சம்மதம் இல்லை என்று சொல்லி அங்கேயே பதவி விலகினார். தெர்சி கட்சிக்காரர் அல்லர். அமெரிக்காவில் தூதராக இருந்துவிட்டு வந்த அதிகாரி.

அவர் பக்கம் நியாயம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. நம் பையனைச் சுட்டவர்களைத் திருப்பி அனுப்பாதே என்று நின்றவர் அவர். ஆனால் அந்த நாற்காலியின் அளவு என்ன என்று நீ கேட்டாய் அல்லவா, இதுதான் அளவு. முடிவு பிரதமருடையது, அண்ணாச்சி சொன்ன மாதிரியே. அந்த முடிவை உலகத்தின் முன் தன் வாயால் சொல்ல வேண்டியவர் அமைச்சர். சொல்ல மனமில்லாவிட்டால் எழுந்து போக வேண்டியதுதான். 1982இல் ஃபாக்லாந்து தீவுகளை அர்ஜென்டினா பிடித்துக்கொண்டபோது பிரிட்டன் வெளியுறவு அமைச்சர் காரிங்டன் பிரபு விலகியதையும் இதோடு சேர்த்துப் படி. அவர் முடிவை எதிர்த்து விலகவில்லை. நடந்ததற்குப் பொறுப்பேற்று விலகினார்.

(வழக்கு பிறகு இத்தாலிக்கே போய்விட்டது. 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்டியபின், 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் இங்கிருந்த வழக்கை முடித்துவைத்தது. அந்தத் தொகையைப் பற்றிக் கரையில் பேசப்பட்டதை இங்கே எழுதத் தொடங்கினால் விடிந்துவிடும்.)

எல்லா நாட்டிலும் ஒரே அளவா என்றால், இல்லை. சோவியத் ஒன்றியத்தில் குரோமிக்கோ 1957 முதல் 1985 வரை இருந்தார். குருசேவ், பிரஷ்னேவ் என்று மேலே ஆட்கள் மாறினார்கள், அவர் மாறவில்லை. சீனாவில் சின் காங் 2022 டிசம்பரில் வந்தார், 2023 ஜூலையில் நீக்கப்பட்டார், காரணம்கூடச் சொல்லப்படவில்லை. மறுபடியும் வாங் யி வந்தார். வாங் யியின் பலம் அமைச்சர் பதவியில் இல்லை. கட்சியின் வெளியுறவு ஆணைய அலுவலகத்துக்கு அவர்தான் தலைவர். ஈரானில் அமைச்சர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் கடைசிச் சொல் உச்சத் தலைவருடையது.

குளச்சல் மாலுமி எழுதுகிறார்:

அக்கா வளைகுடாவை விட்டுவிட்டார்கள். நம் ஆட்கள் அதிகம் போவது அங்கேதானே, நான் சொல்கிறேன். நான் கப்பலில் ஏறியபோது சவூதி வெளியுறவு அமைச்சர் இளவரசர் சவூத் அல் ஃபைசல். பணி ஓய்வு பெற்று இறங்கியபோதும் அவர்தான். 1975 முதல் 2015 வரை நாற்பது ஆண்டுகள்! ஓமனில் சுல்தான் காபூஸ் வெளியுறவுப் பதவியைத் தம் பெயரிலேயே வைத்துக்கொண்டார். உலகம் முழுவதும் சுற்றிப் பேசிய யூசுப் பின் அலவிக்கு 'வெளியுறவுக்குப் பொறுப்பான அமைச்சர்' என்றுதான் பட்டம். கத்தாரில் 2023 முதல் பிரதமரும் வெளியுறவு அமைச்சரும் ஒருவரே. நீரோடித் தம்பி இதைத் தேர்வில் எழுதலாம்.

ஒரு சந்தேகம் அக்கா. 2020இல் கொரோனா நேரத்தில் ஈரானில் மாட்டிக்கொண்ட நம் பிள்ளைகளை பந்தர் அப்பாஸிலிருந்து 'ஜலஷ்வா' கப்பல் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து சேர்த்ததே, ஜூலை 1ஆம் தேதி, 687 பேர். அது எந்த மனுவால் நடந்தது?

தட்டச்சு அக்கா எழுதுகிறார்:

எந்தத் தனி மனுவாலும் இல்லை. அது பெரிய முடிவு: கடற்படை, வெளியுறவுத் துறை, மாநில அரசு எல்லாம் சேர்ந்தது. மனுக்கள் செய்த வேலை வேறு. யார், எந்தத் துறைமுகத்தில், யாருடைய படகில் என்று பெயர்ப் பட்டியல் ஆனது அவற்றிலிருந்துதான். பட்டியல் இல்லாமல் யாரைக் கப்பலில் ஏற்றுவது?

நீரோடிக்காரன்:

நன்றி அக்கா. இன்னும் ஒன்று. வெட்ஜ் பேங்க் என்ற மீன்வளத் திட்டு நமக்கு வந்தது ஒரு கடிதத்தால்தான் என்று தாத்தா சொல்வார். அதில் அமைச்சர் கையெழுத்து இருக்கிறதா?

தட்டச்சு அக்கா எழுதுகிறார்:

தாத்தா சொன்னது சரி, கையெழுத்துதான் வேறு. 1974 கச்சத்தீவு ஒப்பந்தம் இரண்டு பிரதமர்களுக்கு இடையிலானது. 1976இல் மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் எல்லை வரைந்தபோது, கடிதங்களைப் பரிமாறிக்கொண்டவர்கள் வெளியுறவுச் செயலர்கள்: நம் பக்கம் கேவல் சிங், இலங்கைப் பக்கம் ஜயசிங்க. குமரி முனைக்குத் தெற்கே இருக்கும் அந்த மீன்வளத் திட்டு இந்தியாவின் உரிமை என்று முடிவானது அதில்தான். இலங்கையின் ஆறு கப்பல்கள் மட்டும் உரிமம் பெற்று மூன்று ஆண்டு, ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மிகாமல் பிடித்துக்கொள்ளலாம் என்று சலுகை. அப்போது நம் அமைச்சர் ஒய்.பி. சவான். நம் கடலின் தெற்கு எல்லையைத் தீர்த்த தாளில் அவர் பெயரைத் தேடாதே. சின்னமுட்டத்திலிருந்து கணவாய் மீனுக்கும் கலவா மீனுக்கும் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்த இருவரின் பெயர் தெரியும்?

செயலருக்கும் அமைச்சருக்கும் உள்ள தூரம் நம் நாட்டில் இப்போது ஒரே ஆளுக்குள் அடங்கியிருக்கிறது. ஜெய்சங்கர் 2015 முதல் 2018 வரை வெளியுறவுச் செயலர், 2019 முதல் அமைச்சர். செயலராக இருந்தவர் அமைச்சரானது அதுவரை நடந்ததில்லை. எண்பதுகளின் கடைசியில் கொழும்பில் பணியாற்றியவர், தமிழ் தெரிந்தவர். அதனால் தமிழில் மனு அனுப்பலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். அனுப்பாதீர்கள். மனுவைப் படிப்பவர் அவரில்லை.

படிப்பவர் யார் என்பதுதானே உன் முதல் கேள்வி. டெல்லியில் நாடுகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் இணைச் செயலரை வைத்திருக்கிறார்கள். இலங்கை, மாலத்தீவு, மொரீஷியஸ், செஷெல்ஸ் எல்லாம் இந்தியப் பெருங்கடல் பிரிவில். ஈரான் வளைகுடாப் பிரிவில் இருக்கும் என்று நினைப்பாய். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தானோடு சேர்த்துத் தனிப் பிரிவில் வைத்திருக்கிறார்கள். இந்தியப் பெருங்கடலில் பிரிட்டன் கையிலுள்ள டியாகோ கார்சியாத் தீவில் பிடிபட்டால் அங்கே மனுக் கொடுக்க ஊரே கிடையாது. அந்தப் பகுதியின் ஆணையர் லண்டனில் பிரிட்டன் வெளியுறவு அலுவலகத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். தீவுகளை மொரீஷியசுக்குக் கொடுக்க 2025 மே மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானாலும், டியாகோ கார்சியாத் தளத்தை 99 ஆண்டு பிரிட்டன் வைத்துக்கொள்வதாகத்தான் அதில் இருக்கிறது.

உன் மாமா விஷயத்தில் எந்த மனு வேலை செய்தது என்று சண்டை போடுகிறவர்களிடம் ஒன்று கேள். படகின் பதிவு எண் எந்த மனுவில் இருந்தது? நான் பார்த்த மனுக்களில் பாதிக்கு மேல் 'எங்கள் கண்ணீரைத் துடையுங்கள்' என்று ஒரு பக்கம் இருக்கும், எண் இருக்காது. முதல் பத்தியிலேயே பதிவு எண், புறப்பட்ட துறைமுகம், தேதி, கடைசியாக வயர்லெஸ்ஸில் பேசிய இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, ஒவ்வொருவரின் மீனவர் அடையாள அட்டை எண். நகல் அந்த நாட்டு இந்தியத் தூதரகத்துக்கு ஒன்று, மீன்வளத் துறை உதவி இயக்குநருக்கு ஒன்று. கூடவே வெளியுறவுத் துறையின் குறைதீர்ப்புக்கான 'மதத்' இணையதளத்திலும் பதிந்துவிடு. 2015 முதல் இருக்கிறது, புகாருக்கு ஓர் எண் கிடைக்கும், அதை வைத்துத் தொடர்ந்து கேட்கலாம்.

தொலைபேசி எண் இரண்டு கொடுக்கச் சொல். அதில் ஒன்று வீட்டிலிருக்கும் பெண்ணுடையதாக இருக்கட்டும். படகு உரிமையாளர் எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு, தூதரகத்தார் கூப்பிடும்போது அவரும் கடலில் இருந்த கதை எங்களிடம் நிறைய இருக்கிறது.