தாத்தா செய்த வண்டியில் தாத்தா செய்தது எது?

என் மாமியாரின் தாத்தா இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் கம்பெனி நடத்தியவர். கல்யாணமான நாளிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு எனக்கே அது என் தாத்தா கதை மாதிரி ஆகிவிட்டது. சாட்சி என்று இருந்தது ஒரே ஒரு புகைப்படம். மீசையும் தொப்பியுமாக ஒருவர் நிற்கிறார், பக்கத்தில் பெல்ட்டில் ஓடுகிற வண்டி, டாங்கில் குடும்பப் பெயர். பின்னால் வருஷம்கூட எழுதவில்லை.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது எஞ்சின் மூடியில் மூன்று எழுத்துகள் தெரிந்தன: ஜே, ஏ, பி. "ஜப்பான் எஞ்சினா?" என்று கேட்டுத் தொலைத்தேன். வீட்டில் இன்றைக்கும் கேலி ஓயவில்லை. அது ஜான் ஆல்ஃபிரட் பிரெஸ்ட்விச் என்பதன் சுருக்கம். லண்டன் டாட்டன்ஹாமில் எஞ்சின் செய்து, சின்னச் சின்ன வண்டிக் கம்பெனிகளுக்கெல்லாம் விற்றவர் அவர். ஆக, எஞ்சின் தாத்தா செய்ததில்லை. அந்தக் காலத்துச் சின்னப் பட்டறைகள் எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவை போஷிடமும் சீட்டை ப்ரூக்ஸிடமும் வாங்கும். ஃப்ரேம் குழாய்களை இணைக்கிற லக்கைக்கூட பி.எஸ்.ஏ.விடம் வாங்கலாம். குழாயை அளந்து வெட்டி, பற்றவைத்து, பெயின்ட் அடித்து, டாங்கில் பெயர் ஒட்டினால் கம்பெனி ரெடி.

மாமியாருக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்போ அவர் என்னதான் செய்தார்?"

அன்றைக்கு எல்லாருமே இப்படித்தான் தொடங்கினார்கள் என்று சமாதானம் சொன்னேன். ட்ரையம்ஃப் 1902-ல் விட்ட முதல் வண்டியில் இருந்தது பெல்ஜியத்து மினர்வா எஞ்சின். 1907-ல் ஐல் ஆஃப் மேனில் நடந்த முதல் டி.டி. (டூரிஸ்ட் டிராஃபி) பைக் பந்தயத்தில் இரட்டை சிலிண்டர் பிரிவை நார்ட்டன் ஜெயித்தது, ஆனால் உள்ளே ஓடியது பிரான்ஸின் பெஜோ எஞ்சின். சரி சரி என்றார், திருப்தியில்லாமல்.

என்னுடைய பெரிய தப்பு, 'கம்பெனி' என்ற வார்த்தையை அப்படியே நம்பியது. லண்டனில் க்யூ என்ற பகுதியில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் கலைக்கப்பட்ட கம்பெனிகளின் கோப்புகள் பி.டி. 31 என்ற வரிசையில் இருக்கின்றன. அதிலேயே மாதக்கணக்கில் உட்கார்ந்தேன். லிமிடெட் ஆகப் பதிவு செய்திருந்தால்தானே அங்கே இருக்கும்? இவர் நடத்தியது வெறும் கூட்டு வியாபாரம். கடைசியில் சிக்கியது அரசு அறிவிப்புகள் வரும் 'லண்டன் கெஜட்'டில், இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். பெயரைப் போட்டால் ஒன்றும் வராது, ஸ்கேன் செய்த எழுத்தைக் கம்ப்யூட்டர் கன்னாபின்னாவென்று படித்து வைத்திருக்கிறது. பட்டறை இருந்த தெருப் பெயரைப் போட்டேன், வந்தது. ஏழெட்டு வரிதான்: கூட்டு கலைக்கப்பட்டது, வரவேண்டியதை வசூலிப்பதும் கடனை அடைப்பதும் இனி இன்னார் பொறுப்பு. அந்த இன்னார் தாத்தா இல்லை, பாட்டியின் அண்ணன்! மைத்துனர் ஒருவர் கூட்டாளியாக இருந்தார் என்று குடும்பத்தில் யாரும் மூச்சுவிட்டதில்லை.

அப்புறம் 1921 சென்சஸ் பார்த்தேன். 2022-ல்தான் வெளியானது. வேலை கொடுத்தவர் பெயரையும் எழுதச் சொல்லிக் கேட்ட கணக்கெடுப்பு அது. தாத்தா அதில் ஃபிட்டர், வேறொருவர் தொழிற்சாலையில். முந்தைய 1911 தாளில் 'முதலாளி' என்று அவரே கைப்பட எழுதியிருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

* * *

அக்கா, உங்கள் பதிவைப் படித்தேன். நான் வம்சாவளிப் பக்கம் இல்லை, வண்டிப் பக்கம். 1915-க்கு முந்தைய வண்டிகள் மட்டும் ஓடுகிற பயனியர் ரன்னை வேடிக்கை பார்க்கப் போவேன். அங்கே வரும் பெரியவர்களிடம் படத்தை நீட்டினால் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கைப் பார்த்தே ஏறக்குறைய எந்த வருஷம் என்று சொல்லிவிடுவார்கள். எஞ்சின் நம்பரை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள், அது எஞ்சின்காரர் போட்டது. உங்கள் தாத்தா போட்ட நம்பர் ஃப்ரேமில்தான் இருக்கும்.

இன்னொன்று. 1904 ஜனவரி 1 முதல் இங்கிலாந்தில் வண்டிக்கு நம்பர் பிளேட் கட்டாயம். பதிவேட்டைக் கவுன்டி கவுன்சில்கள் வைத்திருந்தன. எல்லாம் மிஞ்சவில்லை, மிஞ்சியவை பெரும்பாலும் கவுன்டி ஆவணக் காப்பகங்களில் கிடக்கின்றன. போய்ப் புரட்டுங்கள்.

பழைய டாங்க் ஸ்டிக்கர் என்று ஆன்லைனில் யாராவது விற்றால் வாங்காதீர்கள். நான் வாங்கி, ஈரத்துணியால் துடைத்ததும் கையோடு வந்துவிட்டது. போன வருஷம் அச்சடித்ததாக இருக்கும்.

* * *

நானும் உங்களைப் போல் தாத்தாவைத் தேடிய ஆள்தான். எனக்குப் பெயர் குழப்பம்தான் வந்தது. ஒரே குடும்பப் பெயரில் ஒரே ஊரில் இரண்டு சைக்கிள் பட்டறை. ஆறு மாதம் அடுத்தவர் தாத்தாவை ஆராய்ந்திருக்கிறேன்! கல்யாணச் சான்றிதழில் இருக்கும் விலாசத்தை முதலில் சரிபாருங்கள்.

* * *

தம்பி சொன்னபடி பதிவேட்டைப் பார்க்கப் போனேன், மாமியாரையும் கூட்டிக்கொண்டு. நாலு மணி நேரம் தடித்தடி வால்யூமாகப் புரட்டினோம். தாத்தா பெயர் உரிமையாளர் பத்தியில் எங்குமே இல்லை. மூடப் போகும் நேரத்தில் வண்டி வகைப் பத்தியில் கண்ணில் பட்டது, ஒரு எழுத்து தப்பாக. உரிமையாளர் யாரோ, எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத பெயர்.

மாமியார் அந்த வரியின் மேல் விரலைப் படாமல் நகர்த்தினார். "யாரோ காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்" என்றார்.