மழுக்கா, தணிப்பா: மானிட்டர் முகப்புக்கு ஒரு சொல்

கீழக்கரையிலிருந்து

குழுவினருக்கு வணக்கம்.

மானிட்டர் வாங்குவோருக்கான கையேட்டின் சொற்பட்டியலில் "ஆன்டி கிளேர்" என்பதற்கு நேரே "எதிரொளித் தடுப்பு" என்று போட்டிருக்கிறோம். அச்சுக்குப் போகுமுன் இதை மாற்றியே ஆக வேண்டும். மூக்குக்கண்ணாடிக் கடையில் "ஆன்டி கிளேர்" என்றால் வில்லையில் பச்சையாகவோ நீலமாகவோ மினுங்கும் மெல்லிய படலம். மானிட்டர் பெட்டியில் அதே பெயர் மேற்பரப்பின் நுண்ணிய சொரசொரப்பைக் குறிக்கிறது. பெயர்தான் ஒன்று, வேலை வேறு.

மூக்குக்கண்ணாடிப் படலம் எதிரொளியையே குறைக்கிறது. படலத்துக்குள் ஒளிக்கு இருக்கும் அலைநீளத்தில் கால் பங்கு கனத்தில் பூசினால், படலத்தின் மேல்முகத்தில் பட்டுத் திரும்பும் அலையும் அடிமுகத்தில் பட்டுத் திரும்பும் அலையும் ஒன்றையொன்று அழிக்கும். மக்னீசியம் புளோரைடு என்றால் பச்சை ஒளிக்கு ஏறத்தாழ 100 நானோமீட்டர் கனம். சொரசொரப்பு அப்படி எதையும் குறைப்பதில்லை. திரும்பும் ஒளியைப் பல திசைக்கும் விரித்துவிட்டு, சன்னலின் உருவம் தெரியாதபடி செய்கிறது, அவ்வளவுதான்.

இரண்டுக்கும் "தடுப்பு" என்று எழுதினால், மூக்குக்கண்ணாடியை நினைத்துக்கொண்டு மானிட்டர் வாங்குபவர் ஏமாறுவார். இரண்டு சொல் வேண்டும்.

பாம்பனிலிருந்து

காக்கா, "கூசாத் திரை" என்று வைக்கலாமே? நம் பக்கம் யாரைக் கேட்டாலும் "கண்ணு கூசுது" என்றுதான் சொல்வார்கள். "எதிரொளி" பள்ளிக்கூடச் சொல். துருப்பிடிக்காத கம்பி, சாயம் போகாத துணி என்பது போல வாங்குகிறவருக்கு என்ன பயன் என்பதைச் சொல் சொல்லிவிடும்.

கையேட்டில் இன்னொரு திருத்தமும் தேவை. "மேசையை வடக்குச் சன்னலோரம் போடுங்கள், நேர் வெயில் வராது" என்று இருக்கிறது. அது வட நாடுகளுக்குப் பெரும்பாலும் சரி. நாம் இருப்பது ஏறத்தாழ 9.3 பாகை வட அட்சத்தில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்குச் சன்னல் வழியாகச் சாய்வெயில் உள்ளே வரும். தெற்குச் சன்னலுக்கு மார்கழி வெயில். திசை பார்ப்பதைவிட, திரையின் முகம் எந்தச் சன்னலையும் பார்க்காமல், சன்னல் பக்கவாட்டில் இருக்கும்படி மேசையைப் போடச் சொல்வதுதான் இங்கே சரியான அறிவுரை.

மண்டபத்திலிருந்து

மேசை பற்றித் தம்பி சொன்னதை அப்படியே ஏற்கிறேன். "கூசாத் திரை"யை ஏற்க முடியவில்லை. கூசாமை என்பது விளைவு. சொரசொரப்பும் படலமும் அந்த ஒரே விளைவுக்காகத்தான் இருக்கின்றன. அதனால் அந்தச் சொல் மறுபடியும் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். இரவில் வெளிச்சத்தைக் குறைக்காத திரையும் கூசும், அதற்கும் முகப்புக்கும் சம்பந்தமில்லை.

கூச்சம் என்றதுமே மக்கள் வெளிச்சம் கூடிய மானிட்டரைத் தேடுகிறார்கள். அது எவ்வளவு கைகொடுக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடலுக்கு மேலே பகல் வானம் சில ஆயிரம் நிட் (பரப்பின் வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சமாக இருக்கும். 5000 என்று வைத்துக்கொள்வோம். பளபளப்பான முகப்பு அதில் ஏறத்தாழ 4% திருப்பி அனுப்பும், அதாவது 200 நிட். சாதாரண அலுவலக மானிட்டரின் முழு வெள்ளை 250 நிட். சன்னல் உருவம் விழுந்த இடத்தில் கறுப்பு 200 ஆகவும் வெள்ளை 450 ஆகவும் தெரியும். பெட்டியில் 1000:1 என்று எழுதிய வெள்ளை-கறுப்பு மாறுபாடு அங்கே 2.25:1. கூடுதல் பணம் கொடுத்து 400 நிட் மானிட்டர் வாங்கினாலும் 600க்கு 200, வெறும் 3:1 தான். அதே 250 நிட் திரையில் எதிரொளியை 1% ஆக்கும் படலம் இருந்தால் 300க்கு 50, 6:1 கிடைக்கும். மேசையைத் திருப்பிப் போட்டால் இந்தக் கணக்கே தேவைப்படாது.

கடல் தகவல் தரும் இந்திய அரசு மையமான இன்காய்ஸ் வெளியிடும் கடல் மேற்பரப்பு வெப்பநிலை வரைபடங்களைப் பார்ப்பவர்களுக்கு இது கண்கூடு. அடர்நீலப் பட்டைக்கும் அடுத்த நீலப் பட்டைக்கும் இடையிலான எல்லைதான் முதலில் மறையும்.

என் பரிந்துரை: சொரசொரப்புக்குச் "சிதறல் முகப்பு", படலத்துக்குத் "தணிப்பு முகப்பு".

தொண்டியிலிருந்து

"தணிப்பு" அருமையான சொல், அதை மாற்ற வேண்டாம். "சிதறல் முகப்பு" இயற்பியலில் சரி, கடையில் தவறு. "திரை சிதறல்" என்றால் உடைந்த திரை என்றுதான் காதில் விழும்.

கடையில் பார்க்கிற சோதனையிலிருந்தே சொல்லை எடுப்போம். மானிட்டரை அணைக்கச் சொல்லிவிட்டு, மேலே எரியும் டியூப் லைட்டின் உருவம் திரையில் விழும்படி நின்று பாருங்கள். பளபளப்பான முகப்பில் குழல் அப்படியே தெரியும், ஓரம் கத்திமுனை மாதிரி இருக்கும். தணிப்புப் படலம் இருந்தால் ஓரம் கூர்மையாகவே இருக்கும்; ஆனால் குழல் மங்கி ஊதாவோ பச்சையோ சாயம் ஏறித் தெரியும். சொரசொரப்பான முகப்பில் குழலே இருக்காது, ஓரம் மழுங்கி வெள்ளைத் திட்டாகப் பரந்திருக்கும். நடப்பது மழுங்குதல். ஆகவே "மழுக்கு முகப்பு".

சொல்லைப் "பூச்சு" என்று முடிக்கவும் வேண்டாம். சில திரைகளில் சொரசொரப்பு மேலே ஒட்டிய படலத்தில் இருக்கும், சிலவற்றில் கண்ணாடியையே அரித்து உண்டாக்கியிருப்பார்கள். முகப்பு என்றால் இரண்டும் அடங்கும். "மழுக்கிய தணிப்பு முகப்பு" என்று சேர்த்தும் சொல்லலாம், இரண்டும் கலந்த திரைகள் சந்தையில் உண்டு.

பாம்பனிலிருந்து

அண்ணன் சொன்ன சோதனை கையேட்டின் முதல் பக்கத்தில் வர வேண்டும். "கூசாத் திரை"யை விட்டுவிடுகிறேன். ஒரு தயக்கம் மட்டும். "மழுக்கு" என்றால் படமே மங்கல் என்று வாங்குகிறவர் நினைக்க மாட்டாரா? விற்பவர் அந்தச் சொல்லை வாயிலெடுப்பாரா?

தொண்டியிலிருந்து

கொஞ்சம் மங்கத்தான் செய்யும், தம்பி. அதை மறைக்காத சொல் என்பதால்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வெளிச்சமான அறையில் மழுக்கு முகப்பின் கறுப்பு வெளிறிச் சாம்பலாகும், எழுத்தின் ஓரமும் ஒரு நூல் மென்மையாகும். தமிழுக்கு இது முக்கியம். 24 அங்குலம், 1920×1080 திரையில் ஒரு படப்புள்ளி (பிக்சல்) ஏறத்தாழ 0.277 மில்லிமீட்டர். 16 படப்புள்ளி உயர எழுத்தில் மெய்யின் தலைப்புள்ளிக்கு ஒன்றிரண்டு படப்புள்ளிதான் கிடைக்கும். அதே எண்ணிக்கையை 27 அங்குலத்தில் இழுத்தால் படப்புள்ளி 0.31 ஆகி எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும். 27 வாங்குவதானால் 2560×1440 வாங்கட்டும், படப்புள்ளி 0.233 ஆகிவிடும். நாள் முழுக்கப் பட்டா, வில்லங்கம் என்று தட்டச்சும் இ-சேவை மையத்துக்கு இதைச் சொல்லாமல் விடக் கூடாது.

விவரத்தாளில் "ஹேஸ் 25%" என்று ஒரு வரி இருக்கும். அதுதான் மழுக்கின் அளவு. எண் கூடக்கூட உருவம் மழுங்கும், படமும் வெளிறும். அதற்கு "மழுக்களவு" என்று வைத்துவிடலாம்.

மண்டபத்திலிருந்து

மழுக்கு, மழுக்களவு இரண்டுக்கும் என் ஒப்புதல். கடற்கரைக்கு எது ஏற்றது என்பதையும் சொல்லோடு சேர்த்து எழுதிவிடுவோம்.

உப்புக் காற்றுதான் இங்கே முதல் எதிரி. திரையில் படியும் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் நீரை இழுத்துக் கசியும். பகலில் காய்ந்து மறுபடி படிகமாகும். அந்த நேரத்தில் உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்பவர், உப்பையும் நுண்மணலையும் வைத்துத் திரையைத் தேய்க்கிறார். தணிப்புப் படலத்தில் அந்தக் கீறல் உடனே தெரியும், விரல் எண்ணெயும் வண்ணத் திட்டாக நிற்கும். மழுக்கு முகப்பில் தேய்த்த இடம் மட்டும் வழவழப்பாகிப் பளபளக்கும், அதைத் திருப்ப வழியில்லை.

செய்ய வேண்டியது: மானிட்டரை அணைத்து ஆறவிட வேண்டும். மென்தூரிகையால் மணலைத் தட்டிவிட வேண்டும். மைக்ரோஃபைபர் துணியைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, சொட்டாதபடி பிழிந்து, அழுத்தாமல் ஒற்றி உப்பைக் கரைக்க வேண்டும். பிறகு வேறொரு உலர்ந்த துணி. திரையில் நேரடியாகத் தெளித்தால் நீர் கீழ்விளிம்பில் இறங்கி உள்ளே மின்சுற்றுப் பலகையைக் கெடுக்கும். அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் வேண்டவே வேண்டாம். ஊரின் போர்த் தண்ணீரும் கூடாது. அதிலேயே உப்பு இருக்கிறது.

சன்னல் திறந்திருக்கும் கடைக்கும் அலுவலகத்துக்கும் மழுக்கு முகப்பு. வெளிச்சத்தை அடக்கிய அறையில் நிழற்படம் திருத்துபவருக்குத் தணிப்பு முகப்பு. எனக்கு இதில் ஐயமில்லை.

கீழக்கரையிலிருந்து

மறுப்பு இல்லாததால் பட்டியலில் ஏற்றுகிறேன்.

பளிங்கு முகப்பு: எந்தப் பக்குவமும் செய்யாத வழவழப்பான திரைமுகம். டியூப் லைட் ஓரம் கூர்மையாக, முழு வெளிச்சத்தில் தெரியும்.

மழுக்கு முகப்பு: எதிரொளியின் உருவத்தைச் சொரசொரப்பால் கலைக்கும் திரைமுகம். ஓரம் மழுங்கும், ஒளி பரவும். விவரத்தாள்களில் "ஆன்டி கிளேர்", "மேட்".

தணிப்பு முகப்பு: எதிரொளியின் அளவை மென்படலத்தால் குறைக்கும் திரைமுகம். ஓரம் கூர்மை, ஒளி மங்கல், வண்ணச் சாயல். விவரத்தாள்களில் "ஆன்டி ரிஃப்ளெக்ஷன்". மூக்குக்கண்ணாடிக் கடையில் "ஆன்டி கிளேர்" என்று விற்பதும் இதுவே.

மழுக்களவு: விவரத்தாளின் "ஹேஸ்", விழுக்காட்டில்.

ஒன்று பாக்கி. கரடான மழுக்கு முகப்பில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்தால், தலையை அசைக்கும்போது பொடிப்பொடியாக மினுங்கும். படப்புள்ளி சிறுக்கச் சிறுக்க இது கூடும், ஏனென்றால் சொரசொரப்பின் மேடுபள்ளமும் படப்புள்ளியும் அளவில் நெருங்கிவிடுகின்றன. இதற்கு "மணற்பொறி" என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். மாற்றுச் சொல் இருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள்.