ஏர் (காற்று) எடுத்த அனுபவங்கள், மூன்று பேர் சொல்வது: டிராக்டர் டீசல் லைனிலும் பிரேக்கிலும்

உழவு முடிய இரண்டு சால் இருக்கும்போது டீசல் தீர்ந்து டிராக்டர் நின்றுவிட்டது. ஊற்றியதும் ஓடிவிடும் என்று செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தேன். டேங்க் காலியானதில் லைனுக்குள் காற்று புகுந்திருந்தது, பேட்டரி இறங்கியதுதான் மிச்சம். அப்புறம்தான் பில்டர் மேலே உள்ள காற்றை வெளியே விடும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் பீட் பம்பின் கைப்பிடியை அழுத்தினேன். கைப்பிடி தொளதொளவென்று ஆடியதே தவிர, டீசல் வரவில்லை. பம்பே போச்சு என்று முடிவு கட்டிவிட்டேன். பக்கத்தில் இருந்த பெரியவர், "இன்ஜினை ஒரு சுற்று சுத்திவிட்டு அழுத்துப்பா" என்றார். உள்ளே பம்பைத் தள்ளும் கேம் மேலேறி நின்றால் கைப்பிடிக்கு வேலை இருக்காதாம். சுற்றியதும் பிடித்துக்கொண்டது. முதலில் நுரை, பிறகு குமிழி, கடைசியில் சுத்தமான டீசல். டேங்கிலிருந்து வரும் வரிசையிலேயே இரண்டு பில்டர், அதன்பின் டீசலை அழுத்தி அனுப்பும் டீசல் பம்ப் என்று ஏர் எடுத்தேன். இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் பக்கம் பைப் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி செல்ஃப் அடிக்க, டீசல் தெறித்தது. இறுக்கியதும் ஸ்டார்ட்.

கதை அதோடு முடியவில்லை. மறுநாள் காலை மறுபடி அதே தொல்லை. எங்கும் ஒரு சொட்டு ஒழுகவில்லை, அதனால்தான் நான்கு நாள் ஏமாந்தேன். டேங்குக்கும் பீட் பம்புக்கும் நடுவில் இருப்பது இழுக்கும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராமல் காற்றுதான் உள்ளே போகும். இரவில் டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். நடுவில் கண்ணாடி போன்ற டியூப் ஒன்றை மாட்டிப் பார்த்தேன், குமிழி ஓடியது. குற்றவாளி, பழையதையே திரும்பப் போட்ட ஒரு காப்பர் வாஷர்.

* * *

நாசில் பைப்பைத் தளர்த்துவது பழைய பம்ப் வண்டிகளுக்கு மட்டும்தான், அண்ணே. எல்லா நாசிலுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் அதைத் தொடவே கூடாது. அழுத்தம் 1000 பாருக்கு மேல் போகும், டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். என் நண்பர் ஒருவர் ஸ்பேனரை வைக்கப் போனார், கையைப் பிடித்து இழுத்தேன்.

* * *

எனக்குக் காற்றுத் தொல்லை வந்தது பிரேக்கில். மிதித்தால் பஞ்சு மாதிரி அமுங்கும், நாலு முறை மிதித்தால் கெட்டியாகும். ஒருவர் மிதித்துப் பிடிக்க, நான் சக்கரப் பக்கம் காற்றை வெளியே விடும் நிப்பிளைத் திறந்து மூடினேன். மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும், என் மகன் முதலிலேயே எடுத்துவிட்டான், காற்று திரும்ப உள்ளே. இரண்டாம் சுற்றில் பிரேக் ஆயில் டப்பா காலியானதை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை, ஆரம்பத்திலிருந்து மறுபடி. டிராக்டரில் வலது, இடது சக்கரத்துக்குத் தனித்தனி பிரேக் மிதி. அவற்றைத் தனித்தனியாக எடுத்து முடித்தும் இரண்டு மிதியையும் சேர்த்து மிதித்தால் வண்டி ஒருபக்கம் இழுத்தது. இரண்டு மிதியையும் கொக்கி போட்டு ஒன்றாக மிதித்து இன்னொரு முறை எடுத்தபின்தான் நேரே நின்றது.

ஆயில் விஷயத்தில் மட்டும் கையேட்டைப் பார்த்துவிடுங்கள். சில டிராக்டருக்கு மினரல் ஆயில், சிலவற்றுக்கு கார் பிரேக் ஆயில். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் ஊதிப்போகும்.