மண்டபம் காட்சிக்கூட ரோபோ: வணக்கம் சொன்னதும் ஆட்கள் நகர்ந்துவிடுகிறார்கள், எங்கே பிழை?

மண்டபம்வாசி (கேள்வி)

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபம் ஊரில் சின்னக் கடல்வாழ் உயிரினக் காட்சிக்கூடத்துக்கு மேசை ரோபோ ஒன்று செய்திருக்கிறோம். கடல் அட்டைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறது. ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினி, கேமரா, தலைக்கு இரண்டு எஸ்ஜி90 சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சின்ன மோட்டார்), கைக்கு ஒன்று, கண்ணுக்கு இரண்டு ஓஎல்இடி திரை. முகம் தெரிந்ததும் வணக்கம் சொல்லும். பேசும்போது தலையாட்டும், சிமிட்டும், சிரிக்கும். கேள்வி கேட்டால் இணையம் வழியாகப் புரிந்துகொண்டு பதில் சொல்லும், அதற்கு 2, 3 வினாடி ஆகிறது.

ராமேஸ்வரம் போகிற குடும்பங்கள் சிரித்து, படம் எடுத்து, போய்விடுகிறார்கள். தொட்டியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆளே இல்லாதபோதும் சில நேரம் வணக்கம் சொல்கிறது. புருவம், கைதட்டல் என்று இன்னும் சைகை சேர்க்கலாமா?

பாம்பன்காற்று

சேர்க்காதீங்க, குறைங்க. இப்போ இருக்கிற தலையாட்டல் எதோடும் ஒட்டாமல் தானாக ஓடுது. அர்த்தமில்லாத அசைவை மனுஷ மூளை சீக்கிரமே ஒதுக்கிடும், அதுக்கப்புறம் அர்த்தமுள்ள அசைவையும் சேர்த்தே ஒதுக்கும். 2015இல் கென்னடி, பாக்ஸ்டர், பெல்பேம் என்ற மூன்று ஆய்வாளர்கள், பகா எண் சொல்லிக்கொடுக்கும் நாவோ என்ற சிறு மனித உருவ ரோபோவை வைத்துச் சோதித்தார்கள். சமூகச் சைகை கூடுதலாகக் காட்டிய ரோபோவிடம் பிள்ளைகள் கூடுதலாகக் கற்கவில்லை. ரோபோ தன் மேலேயே கவனத்தை இழுத்துக்கொள்வது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். உங்க தொட்டிக்கும் அதே கதிதான்.

முதலில் பார்வையைச் சரி செய்யுங்க. நாம் ஒரு பொருளின் பெயரைச் சொல்வதற்குக் கிட்டத்தட்ட ஒரு வினாடி முன்பே கண் அதற்குப் போய்விடும். அதே வரிசை ரோபோவுக்கும் வேணும். “இந்தக் கடல் அட்டை” என்று ஒலி வருவதற்கு 0.8 முதல் 1 வினாடி முன் கருவிழி தொட்டிப் பக்கம் போகணும், 0.2 வினாடி கழித்துத் தலை, அப்புறம் கை. வாக்கியம் முடியும் கடைசி இரண்டு சொல்லில் மறுபடி ஆளின் முகத்துக்கு. சொல்லி முடித்த பிறகு கை நீட்டினால் அந்தச் சைகை வீண், பார்க்க வேண்டிய நேரம் கடந்துபோச்சு.

தலையாட்டலை எதிராளி பேசும்போது மட்டும் வைங்க. நம்ம ஊரில் “சரி”க்குத் தலை பக்கவாட்டில் சாயும். அதற்குத் தலையில் மூன்றாவது சர்வோ வேணும், 8 பாகை சாய்ந்தால் போதும்.

உப்புக்காத்து

ஆளில்லா வணக்கத்துக்கு எதிர்ச் சுவரைப் பாருங்க. மனுஷ முகம் உள்ள போஸ்டரோ காலண்டரோ இருந்தால் அதுதான். கடல் பக்கம் வாசல் என்றால் எதிர்வெளிச்சத்தில் நிஜ முகம் கறுத்துடும், காலண்டர் முகம் பளிச்சென்று தெரியும். விஎல்53எல்1எக்ஸ் தூர உணரி ஒன்று சேருங்க, 4 மீட்டர் வரை எடுக்கும். முகமும் தெரிந்து, தூரமும் மாறினால்தான் ஆள். உணரி தொட்டிக் கண்ணாடியைப் பார்க்கக் கூடாது, பிரதிபலிப்பில் தப்புத் தூரம் காட்டும். 3 மீட்டரில் கண் மட்டும் திரும்பட்டும். ஆள் நின்று, முகம் ஒரு வினாடி ரோபோ பக்கம் இருந்து, 1.5 மீட்டருக்குள் வந்தால் வணக்கம். குறுக்கே போகிறவரைக் கூப்பிட வேண்டாம்.

எஸ்ஜி90 நேரடியாக 30 பாகை குதித்தால் கோழி கொத்துகிற மாதிரி இருக்கும். 20 மில்லிவினாடிக்கு ஒரு படியாகப் பிரித்து, தொடக்கமும் முடிவும் மெதுவாக, மொத்தம் 0.4 வினாடியில் திருப்புங்க. நின்ற இடத்தில் நடுங்கினால் மின்சாரம்தான் முதல் சந்தேகம். ராஸ்பெரி பையின் 5 வோல்ட்டில் எடுக்காமல் தனி 5 வோல்ட் 3 ஆம்பியர், தரை இணைப்பு பொது, சர்வோ பக்கத்தில் 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி. நடுங்குகிற தலையைப் பார்த்தால் பெரியவங்க “பயப்படுதோ”ன்னு கேட்பாங்க, அதுவும் ஒரு சமூகச் சைகைதானே.

உப்புக் காற்றில் மின்பலகையின் இணைப்புப் பின்கள் பச்சை பூக்கும். பலகைக்குச் சிலிகான் பூச்சு அடிங்க. மைக் துளையிலும் உணரிக் கண்ணாடியிலும் படாமல் முதலில் டேப் ஒட்டிக்கணும்.

மண்டபம்வாசி

எதிர்ச் சுவரில் காலண்டர் இருக்கிறது அண்ணே, அதேதான்! பதில் தாமதத்துக்கு என்ன செய்வது? ஐந்தாறு பேர் சேர்ந்து வந்தால் யாரைப் பார்ப்பது?

தொண்டி மின்பலகை

மனிதர் பேச்சில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக 0.2 வினாடி. பத்து மொழிகளை ஒப்பிட்ட 2009 ஆய்விலும் எல்லா மொழியும் இதை ஒட்டியே இருந்தது. இரண்டு வினாடி மௌனமும் நேர்ப்பார்வையும் சேர்ந்தால் ‘காது கேட்கலை’ என்றுதான் பொருள்படும், அவர் கேள்வியை மறுபடி கேட்பார், மைக்கில் இரண்டும் கலந்துவிடும். ஆகவே கேள்வி முடிந்தது என்று ரோபோ முடிவு செய்த உடனே கண் மேல்பக்கமாக விலகட்டும், “ம்ம்...” என்ற ஒலி கருவிக்குள்ளேயே பதிவாக இருக்கட்டும். பதில் வந்ததும் முகத்துக்குத் திரும்பிய பிறகே பேச்சு.

ஆமா, இல்லை என்று பதில் வரும் கேள்வி முடிந்ததைத் தமிழில் கண்டுபிடிப்பது ஓரளவு எளிது. “கடிக்குமா”, “சாப்பிடுமா” என்று வினா கடைசியில் வந்து விழுகிறது. எழுத்தாகி வரும் சொல் ‘மா’வில் முடிந்தால் 0.3 வினாடி மௌனம் போதும். மற்றதற்கு 0.9 வைங்கள், இல்லாவிட்டால் யோசித்து இழுத்துப் பேசும் ஆச்சிகளை ரோபோ பாதியில் வெட்டிவிடும்.

கூட்டத்தில் ஒருவரையே பார்த்தால் மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பவர்களாகிவிடுவார்கள். பார்வையைப் பொறுத்தே யார் அடுத்துப் பேசுகிறார் என்பது மாறுவதை ஆய்வாளர் முட்லுவின் குழுவினர் 2009இல் ரோபோவி என்ற மனித உருவ ரோபோவை வைத்துக் காட்டினார்கள். வாக்கியத்துக்கு ஒருவர் என மாற்றுங்கள். கேள்வி கேட்கும்போது மட்டும் ஒருவரிடம் நிலைக்கட்டும், முதலில் பெரியவரிடம், “நீங்க” போட்டு. பிள்ளைகள் கண்ணைக் குத்தினால் பேச்சை நிறுத்தி, தலையைப் பக்கத்துப் பெரியவர் பக்கம் திருப்புங்கள். கத்த வைக்காதீர்கள், அந்தச் சத்தத்துக்காகவே மறுபடி குத்துவார்கள்.

பாம்பன்காற்று

மாற்றியது வேலை செய்யுதான்னு அளக்கும்போது “பிடிச்சிருக்கா”ன்னு கேட்காதீங்க, எல்லாரும் ஆமான்னுதான் சொல்வாங்க. ரோபோ தொட்டியைப் பார்த்த இரண்டு வினாடிக்குள் எத்தனை பேர் தொட்டியைப் பார்த்தார்கள் என்று எண்ணுங்க. பழைய நிரல் ஒரு நாள், புது நிரல் ஒரு நாள் என மாற்றி ஓட்டுங்க. ஆடி, தை அமாவாசைக் கூட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீங்க. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் உள்ளூர் ஆட்கள் திரும்பத் திரும்ப வருவாங்க, அவங்களைத் தனியாக எழுதுங்க. ஜப்பானியத் தொடக்கப்பள்ளி ஒன்றில் கண்டா என்ற ஆய்வாளரின் குழு ரோபோவியை இரண்டு வாரம் வைத்தபோது, இரண்டாம் வாரமே பிள்ளைகள் வருவது குறைஞ்சுபோச்சு. உள்ளூர்க்காரங்களுக்கு வாரம் ஒரு புது விஷயம் வேணும். தொட்டியில் அன்றைக்கு நடப்பதையே சொல்லலாம்: அட்டை எந்தக் கண்ணாடியில் ஒட்டியிருக்கு, மண்ணை விழுங்கி வெளியே விட்ட திரி எங்கே கிடக்குன்னு. காலையில் தொட்டி கழுவுறவர் இரண்டு வரி தட்டச்சினால் போதும்.