டுபாய்க்குப் புதிதாகப் போகும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு: இன்சூரன்ஸ் கார்டை வருத்தம் வருவதற்கு முன்னால் படியுங்கள்

லீவில் ஹட்டனுக்கு வந்து இன்றைக்குப் பத்து நாள். அதற்குள் நாலு பேர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள், எல்லாரும் அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ டுபாய்க்குப் போகிற பிள்ளைகள். சம்பளம் கேட்கிறார்கள், ரூம் கேட்கிறார்கள், ஓவர்டைம் கேட்கிறார்கள். சுகமில்லாமல் போனால் என்ன செய்வது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கொஞ்சம் நீளமாக இருந்தாலும் பிளைட் ஏறுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

நாம் கேட்காததற்குக் காரணம் இருக்கிறது. இங்கே காய்ச்சல் என்றால் தோட்டத்து டிஸ்பென்சரி, கொஞ்சம் பெரிது என்றால் டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரி, அதையும் தாண்டினால் நுவரெலியா, கண்டி. ஆட்டோ காசும், சில நேரம் வெளியே வாங்கச் சொல்லும் மருந்தும்தான் செலவு. அரசாங்க ஆஸ்பத்திரி வார்டில் பத்து நாள் கிடந்தாலும் வெளியே வரும்போது யாரும் பில் நீட்டுவதில்லை. 1990க்கு அடித்தால் வரும் அம்புலன்சுக்கும் காசு இல்லை. அந்தப் பழக்கத்தோடுதான் நானும் அங்கே போய் இறங்கினேன்.

ஐந்தாவது மாதம் ஒரு ராத்திரி விலாவில் கல் வலி. ரூமில் இருந்த அண்ணன் ஒருத்தர் டாக்ஸி பிடித்து, கண்ணில் பட்ட முதல் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஊசி போட்டார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், சேலைன் ஏற்றினார்கள். காலையில் கவுண்டரில் என் கார்டைப் பார்த்துவிட்டு, இந்த நெட்வேர்க் எங்களிடம் இல்லை, காசு கட்டுங்கள் என்றார்கள். நெட்வேர்க் என்றால் உங்கள் கார்டு செல்லும் ஆஸ்பத்திரி, கிளினிக்குகளின் பட்டியல். 860 திர்ஹாம். என் சம்பளமே அப்போது 1,200. அந்த மாதம் வீட்டுக்கு அனுப்பவில்லை, சம்பளம் லேட் என்று அம்மாவிடம் பொய் சொன்னேன். என் கார்டு செல்லும் கிளினிக் கேம்புக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது, இரவிலும் திறந்திருந்தது. அவசரத்துக்குப் போனேன் என்று பில்லையும் ரிப்போர்ட்டையும் வைத்து இன்சூரன்ஸ் கம்பனியிடம் கேட்டிருந்தால் ஏதாவது திரும்பி வந்திருக்கலாம். கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டுபாயில் 2013ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி வேலை கொடுப்பவர்தான் உங்களுக்கு இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும், அந்தக் காசை உங்கள் சம்பளத்தில் வெட்டக் கூடாது. 2025 ஜனவரியிலிருந்து ஷார்ஜா, அஜ்மான் போன்ற மற்ற எமிரேட்டுகளிலும் தனியார் கம்பனி ஆட்களுக்கும் வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கும் அது கட்டாயம். ஆகவே ஏஜென்சிக்காரர் "மெடிக்கல் இன்சூரன்ஸ்" என்று தனியாகக் காசு கேட்டால், எந்த நாட்டு இன்சூரன்ஸ், யார் பெயரில், ரசீது எங்கே என்று கேளுங்கள்.

4,000 திர்ஹாமுக்குக் குறைந்த சம்பளக்காரர்களுக்கு டுபாயில் பெரும்பாலும் கிடைப்பது அடிப்படைத் திட்டம். வருஷத்துக்கு 150,000 திர்ஹாம் வரை செலவைத் தாங்கும். டொக்டரைப் பார்க்கப் போனால் 100க்கு 20 உங்கள் கைக்காசு, மருந்துக்கு 100க்கு 30. ஏழு நாளைக்குள் அதே வருத்தத்துக்குத் திரும்பக் காட்டப் போனால் அந்தப் பங்கு கிடையாது, கவுண்டரில் கேட்டால் ஏழு நாள் கணக்கைச் சொல்லுங்கள். இங்கே மாதிரி நேரே பெரிய டொக்டரை செனல் பண்ண முடியாது, முதலில் சாதாரண டொக்டரைப் பார்த்து அவர் எழுதித் தர வேண்டும், இல்லையென்றால் முழுக் காசும் உங்கள் தலையில். பல்லும் கண்ணாடியும் இதில் வராது. பல்லில் ஓட்டை இருந்தால் ஊரிலேயே அடைத்துவிட்டுப் போங்கள்.

முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். படுக்கையில் சேர்த்து ஒபரேஷன் செய்தாலும் நீங்கள் கட்டுவது 20 சதவீதம், அதுவும் ஒரு தடவைக்கு 500 திர்ஹாமுக்கு மேல் போகாது, வருஷம் முழுக்கச் சேர்த்து 1,000. மிச்சத்தை இன்சூரன்ஸ்தான் கட்ட வேண்டும். பொகவந்தலாவைத் தம்பி ஒருத்தன் எங்கள் ரூமில் இருந்தான். அடிவயிற்று வலியை மூன்று நாள் பெனடோல் போட்டு அடக்கிக்கொண்டு டியூட்டிக்குப் போனான். பில் பத்தாயிரம் வரும், வீட்டுக் கடனை எப்படிக் கட்டுவது என்ற பயம். கடைசியில் நாங்கள் தூக்கிக்கொண்டு போனபோது குடல்வால் வெடிக்கிற நிலை. அவன் கையிலிருந்து போனது 500 திர்ஹாம். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 40,000 ரூபாய், ஒரு மாதம் கொழுந்து எடுக்கும் சம்பளத்துக்குக் கிட்ட, சின்னக் காசு இல்லைதான். ஆனால் அதற்காக உயிரை வைத்து விளையாடுவதா? தயவுசெய்து வலியை மறைக்காதீர்கள்.

நெஞ்சு வலி, விபத்து என்றால் நெட்வேர்க் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். 998க்கு அடியுங்கள், கிட்ட இருக்கும் அவசரப் பிரிவுக்குப் போங்கள், பிறகு உடனே இன்சூரன்ஸ் கம்பனிக்குச் சொல்லுங்கள். வேலை செய்யும்போது அடிபட்டால் அந்தச் சிகிச்சைச் செலவு கம்பனியுடையது, அதை உங்கள் கார்டில் போட்டு முடிக்கப் பார்த்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பிரஷர், சீனி உள்ளவர்கள் அதைப் படிவத்தில் மறைக்க வேண்டாம். டுபாய் அடிப்படைத் திட்டத்தில் முதல் தடவை சேரும்போது ஏற்கெனவே இருக்கும் வருத்தத்துக்கு ஆறு மாதம் காத்திருக்கச் சொல்லலாம். ஆகவே கிளினிக் கொப்பியின் பிரதியையும், டொக்டரின் துண்டையும், கொஞ்ச நாளைக்குத் தேவையான மருந்தையும் கொண்டுபோங்கள். ஆனால் டிராமடோல், கொடீன் சேர்ந்த வலி மருந்துகளை அனுமதி எடுக்காமல் பையில் போடக் கூடாது. யாரோ கொடுத்துவிடச் சொல்லும் மருந்துப் பொட்டலம் வேண்டவே வேண்டாம், அங்கே அது பொலிஸ் கேஸ்.

அப்புறம் லீவு. கம்பனி வேலைக்குப் போகிறவர்களுக்கு வேலை நிரந்தரமானதும் வருஷத்தில் 90 நாள் வரை சுகவீன லீவு உண்டு: முதல் 15 நாள் முழுச் சம்பளம், அடுத்த 30 நாள் பாதி, மிச்சம் சம்பளமில்லை. பயிற்சிக் காலத்தில் சம்பளத்தோடு லீவு கிடையாது. மூன்று வேலை நாளுக்குள் கம்பனிக்குச் சொல்லி மெடிக்கல் துண்டைக் கொடுக்க வேண்டும்.

வீட்டு வேலைக்குப் போகும் அக்கா தங்கச்சிமாருக்குத் தனியாக ஒன்று. பல வீடுகளில் கார்டு மேடம் கையிலேயே இருக்கும். போன முதல் வாரமே, நல்ல மனநிலையில் இருக்கும்போது கேட்டு, இன்சூரன்ஸ் கம்பனியின் பெயரையும் நெட்வேர்க்கின் பெயரையும் போனில் படம் எடுத்து, இங்கே வீட்டில் ஒருத்தருக்கும் அனுப்பி வையுங்கள். எமிரேட்ஸ் ஐடி கைக்கு வந்துவிட்டால் நிறைய இடத்தில் அதைக் காட்டினாலே போதும்.

கார்டு கிடைத்தவர்கள் நெட்வேர்க் பெயரை மட்டும் எழுதுங்கள், எந்தக் கிளினிக் செல்லும் என்று தேடிப் பார்த்துச் சொல்கிறேன். ஐடி நம்பரைப் போட வேண்டாம். 28ஆம் திகதி வரை ஊரில்தான் இருப்பேன், ஹட்டன் பக்கம் உள்ளவர்கள் நேரே வந்தும் கேட்கலாம்.