திரையில இருக்கு, தேடினா இல்லைங்குது: உங்க சொந்த புராஜெக்ட்ல நடந்ததைச் சொல்லுங்க

பூமார்க்கெட்_கோடர்

மாட்டுத்தாவணி பூ விலையைத் தமிழ்ல போடுற என் சைட் பத்தி முன்னமே சொல்லியிருக்கேன். பகல்ல கம்பெனிக்கு ரியாக்ட்ல வெப்சைட் வேலை, ராத்திரி இது. பழைய பட்டியல் பூராம் பாமினிங்கிற அந்தக்கால தமிழ் ஃபான்ட்ல இருந்துச்சு. கன்வெர்ட்டர்ல போட்டு, எல்லா மெஷினுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடாக்கி ஏத்தியாச்சு. மல்லி, பிச்சி, சம்பங்கி எது தேடினாலும் வருது.

சித்தப்பா கமிஷன் கடையில உக்காந்து கோழிக்கொண்டைன்னு அடிச்சாரு. "எதுவும் இல்லை"ன்னு வந்துச்சு. பட்டியலைக் கீழ தள்ளுனா அங்கனயே இருக்கு! அந்த வரி மேல விரலை வச்சுக்கிட்டு போனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டுறாரு. "இந்தா இருக்குல்லய்யா, ஏன் இல்லைங்குது?" நகத்துல பூச்சாறு கறை ஏறுன அந்த விரல் இன்னமும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

'கொ'வை க, ொ-ன்னு ரெண்டு குறியீடா வைக்கலாம். க, ெ, ா-ன்னு மூணாவும் வைக்கலாம். பார்க்க ஒண்ணுதான். கீபோர்டு முதல் வகையைக் கொடுத்துச்சு, கன்வெர்ட்டர் ரெண்டாவதைக் கொடுத்துருக்கு. 'கோ'வும் அப்படியே. ஜாவாஸ்கிரிப்ட்ல 2015ல வந்த நார்மலைஸ்ங்கிற ஃபங்ஷன் இருக்குல்ல, அதை வச்சுப் பட்டியல், தேடுற சொல் ரெண்டு பக்கமும் என்எஃப்சி (இப்படி ரெண்டு விதமா இருக்குறதை ஒரே குறியீடா ஆக்குற முறை) போட்டேன், கோழிக்கொண்டை வந்துருச்சு.

உசிலை_மொய்நோட்டு

என்எஃப்சி போட்டா முடிஞ்சுச்சுன்னு சொல்லாதீங்க அண்ணே. என் கதை அங்கதான் ஆரம்பிக்குது.

எங்க வீட்டு விசேஷங்களுக்கு வந்த மொய்யைத் தேடிப் பார்க்க பிஎச்பிங்கிற புரோகிராம் மொழியில ஒண்ணு எழுதி வச்சுருக்கேன். ஒரு அத்தை வீட்டுக் காதுகுத்துக்குக் கிளம்பிக்கிட்டு இருக்கோம். அத்தை பேரு 'கௌ'ல ஆரம்பிக்கும். நமக்கு என்ன செஞ்சாகன்னு அம்மா பார்க்கச் சொல்ல, தேடினா ஆளே இல்லை. அம்மாவுக்கு முகம் மாறிப்போச்சு. "செய்யாமலா இருப்பா? எழுதுறப்ப நான் பக்கத்துல நின்னேன்டா." அப்பா பரண்ல ஏறி நோட்டை எடுத்தாரு. மையில தெளிவா இருக்கு, 5,000. எங்க பக்கம் மொய் குறைஞ்சா என்ன பேச்சு வரும்னு சொல்ல வேண்டியதில்லை.

டைப் பண்ணவுக 'கெ' அடிச்சு, பக்கத்துல 'ள' அடிச்சுருக்காக. கண்ணுக்கு அது 'கௌ'தான். ஆனா யூனிகோடுக்கு அது 'கௌ'வோட குறி இல்லை, நிஜ ள எழுத்து, என்எஃப்சி அதைத் தொடவே தொடாது. 'ஔ'வுக்குப் பதிலா 'ஒள' அடிச்சாலும் இதே கதி. 2005ல யூனிகோடுல ஶங்கிற கிரந்த எழுத்து சேர்ந்ததுக்கு அப்புறம் ஸ்ரீயும் ஸ வச்சு ஒண்ணு, ஶ வச்சு ஒண்ணுன்னு ரெண்டு விதமா வருது. இதுக்கெல்லாம் நீங்களே விதி எழுதணும்.

திருமங்கலம்_டெவ்

மகளுக்குக் குறுக்கெழுத்து செஞ்சு கொடுத்தேன். "அப்பா, மதுரைக்கு எதுக்கு அஞ்சு கட்டம்? மூணு எழுத்துதான?"ன்னா. ஜாவாஸ்கிரிப்ட்ல லெங்த் (நீளம்) கேட்டா அஞ்சுதான் சொல்லும், துணைக்கால், கொம்பையெல்லாம் தனித்தனியா எண்ணும். எழுத்து எழுத்தாப் பிரிக்கிற இன்டில் செக்மென்டர் போட்டதும் மூணு கட்டமாச்சு.

ரெண்டு பேருக்கும் ஒண்ணு சொல்றேன். மூலத் தரவுல கை வைக்காதீங்க. வந்த பேரு வந்தபடியே தரவு அட்டவணையில ஒரு காலம்ல (column) இருக்கட்டும். பக்கத்துல தேடுறதுக்குன்னு தனி காலம் வச்சு, என்எஃப்சி, கௌ விதி, ஸ்ரீ விதி எல்லாத்தையும் அதுல மட்டும் போடுங்க. அடிக்கிற சொல்லையும் அதே ஃபங்ஷன் வழியா அனுப்புங்க. ஆனா 'கெள'வைக் கண்ட இடமெல்லாம் 'கௌ'ன்னு மாத்துனா 'கெளுத்தி' மீனும் சேர்ந்து மாறும், அதனாலதான் தனி காலம்ங்கிறேன். கோடு கிட்ல (Git, கோடு மாற்றங்களைச் சேமிக்கிற கருவி) இருந்தா மட்டும் பத்தாது, தரவுத்தளத்தையும் அப்பப்ப நகல் எடுங்க. புதுசா எழுதினா உங்க லேப்டாப்ல பார்த்துட்டு விட்டுறாதீங்க, அப்பா அம்மா போன்ல அவுக கையால அடிக்கச் சொல்லிப் பாருங்க. மொய் தம்பி, பேரு கிடைக்கலைன்னா ஊர் பேரை வச்சுத் தேடவும் ஒரு வழி வைங்க.

உசிலை_மொய்நோட்டு

தனி காலம் சரிதாண்ணே, இன்னைக்கே போடுறேன். ஊர் பேரு எங்களுக்கு ஆகாது. நோட்டுல பாதிப் பேர் ஒரே ஊரு, அதுலயும் ஒரே பேரு வரிசையா வரும். பட்டப்பேரு சொன்னாத்தான் ஆள் தெரியும். அதுக்குத்தான் இப்ப ஒரு காலம் சேர்த்துக்கிட்டு இருக்கேன், அம்மா பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்ல.